உறக்கத்திற்கும் உரிமை உண்டு: முன்னோர் கற்ற முறையும் நம் பிள்ளைகளின் தேர்வுக் காலமும்

பொதுத்தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் இரவின் ஒழுங்கு மாறிவிடுகிறது. நள்ளிரவைத் தாண்டியும் விளக்கு எரிகிறது. ஃபஜ்ருத் தொழுகைக்கு எழும் தந்தை, இன்னும் உறங்காத மகளைப் பாடநூலின் முன் காண்கிறார். கண்கள் சிவந்திருக்கின்றன, வாய் மட்டும் வரிகளை முணுமுணுக்கிறது. இந்நேரத்தில் பிள்ளைகளுக்கு ஊக்கமூட்ட விரும்பும் பெரியோர், நம் இமாம்களின் வரலாற்றை எடுத்துரைப்பதுண்டு. அவர்கள் கல்விக்காக உறக்கத்தைத் துறந்தார்கள், இரவைப் பகலாக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது.

அச்செய்திகளில் பொய்யில்லை. ஆனால் அவை வரலாற்றின் ஒரு பாதியே. விழித்திருந்த இரவுகளைப் பதிவு செய்த அதே அறிஞர் மரபு, உறக்கத்திற்கு அளவு சொன்னது. அன்றாடப் பாடத்திற்கு எல்லை வகுத்தது. உடலைச் சோரவைக்கும் முயற்சியை வேண்டாமென்று தடுத்தது. இந்த மறுபாதி பிள்ளைகளின் செவிக்கு எட்டாமற் போனால், முன்னோரின் பெயராலேயே அவர்கள் தம் உடலையும் நினைவாற்றலையும் வருத்திக்கொள்வார்கள். ஆகவே அந்த மறுபாதியை இங்கே சற்று விரிவாக நோக்குவோம்.

அவிழ்க்கப்பட்ட கயிறு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது, இரண்டு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அது என்னவென்று வினவினார்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் நெடுநேரம் நின்று தொழுவதாகவும், சோர்வு மேலிடும்போது அக்கயிற்றைப் பற்றிக்கொள்வதாகவும் அங்கிருந்தோர் கூறினர். கயிற்றை அவிழ்த்துவிடுமாறு பணித்த நபியவர்கள், உற்சாகம் உள்ளவரை தொழ வேண்டும் என்றும், சோர்ந்துவிட்டால் அமர்ந்துகொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

தொழும்போது தூக்கம் கண்ணைச் சுழற்றினால், அது தெளியும்வரை உறங்கிவிட வேண்டும் என்ற வழிகாட்டலை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அரைத்தூக்கத்தில் தொழுபவர் பாவமன்னிப்புக் கேட்பதாக எண்ணிக்கொண்டு, தம்மையே ஏசிவிடக்கூடும். நாவு ஒன்றைச் சொல்ல, உள்ளம் வேறெங்கோ இருக்கும் நிலை வணக்கத்திலேயே விரும்பத்தக்கதன்று. அப்படியிருக்க, பின்னிரவில் கண்கள் செருகிக்கொண்டிருக்கும் மாணவர் ஒரே பக்கத்தைப் பத்து முறை புரட்டுவதில் என்ன பயன் விளையும்?

பகலெல்லாம் நோன்பிருந்து இரவெல்லாம் நின்று வணங்கிய இளைஞர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் அவர்மீது உரிமைகள் உண்டென்பதை நபியவர்கள் நினைவூட்டினார்கள். இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையும் அவர்கள் வெறுத்தார்கள். நபித்தோழர்கள் நண்பகலில் சிறிது கண்ணயரும் ‘கைலூலா’ என்னும் வழக்கமும் கொண்டிருந்தனர். முன்னிரவில் உறக்கம், விடியலுக்கு முன் விழிப்பு, நண்பகலில் சிறு ஓய்வு என ஒரு சமுதாயத்தின் நாளே இவ்வாறு அமைந்திருந்தது. பின்வந்த கல்விமான்கள் தம் பாடவேளைகளை இந்த அடித்தளத்தின்மீதே அமைத்தனர்.

மூன்றாகப் பகுக்கப்பட்ட இரவு

நபிமொழிகளை மிகுதியாக அறிவித்தவர் என்று பெயர்பெற்ற அபூஹுரைரா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஏழு இரவுகள் விருந்தினராகத் தங்கிய அபூஉஸ்மான் என்பார் ஒரு காட்சியை விவரித்துள்ளார். அபூஹுரைராவும் அவருடைய மனைவியும் பணியாளரும் இரவை மூன்று பங்காக்கி முறைவைத்துக்கொண்டனர். ஒருவர் தொழுது முடித்து அடுத்தவரை எழுப்புவார். அந்த வீட்டில் இரவு முழுவதும் வணக்கம் நடந்தது. ஆயினும் ஒவ்வொருவருக்கும் உறக்கம் கிடைத்தது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150 முதல் 204 வரை வாழ்ந்தவர்கள். அவர்கள் இரவை மூன்றாகப் பகுத்து, முதற் பங்கை எழுதுவதற்கும், இரண்டாம் பங்கைத் தொழுகைக்கும், மூன்றாம் பங்கை உறக்கத்திற்கும் ஒதுக்கியதாக அவர்களுடைய மாணவர் ரபீஉ இப்னு சுலைமான் அறிவிக்கிறார். இதைச் சொல்லும்போது முதலிரண்டு பங்குகளை மட்டும் வியந்துவிட்டு மூன்றாவதை மறந்துவிடுதல் நீதியாகாது. அந்த மூன்றாம் பங்கும் இமாமின் கணக்கில் எழுதப்பட்டதே.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான முஹம்மது இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்கள் இரவில் மிகக் குறைவாகவே உறங்கியதாகவும், தூக்கத்தை விரட்ட அருகில் தண்ணீர் வைத்திருந்ததாகவும் குறிப்பு உண்டு. அதே குறிப்பில் இன்னொரு செய்தியும் சேர்ந்திருக்கிறது. அவர்கள் பலதுறை நூல்களை அருகில் வைத்திருந்து, ஒன்றில் சலிப்புத் தட்டினால் மற்றொன்றை எடுப்பார்கள். மனம் சோர்வதை அவர்களும் அறிந்திருந்தார்கள். அதற்கு வழியும் கண்டிருந்தார்கள். மேலும், அது வாழ்நாள் முழுதும் மெல்ல மெல்லப் பழகிய வழக்கம். ஆண்டெல்லாம் வேறு விதமாக இருந்துவிட்டுத் தேர்வுக்கு முந்திய வாரத்தில் மட்டும் ஒருவர் மேற்கொள்ளக் கூடியதன்று.

உறக்கத்திற்கு நேரடியாக எண்ணிக்கையே சொன்ன அறிஞரும் நம்மிடையே இருந்தார். சிரியாவின் ஹமா நகரில் 1241ஆம் ஆண்டு பிறந்து, பின்னர் கெய்ரோவில் தலைமைக் காஜியாக விளங்கிய பத்ருத்தீன் இப்னு ஜமாஆ (ரஹ்) அவர்கள், ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரிய ஒழுக்கங்களைக் குறித்து ‘தத்கிரதுஸ் ஸாமிஉ வல் முதகல்லிம்’ என்னும் நூலை இயற்றினார்கள். மாணவர் உடலுக்கும் அறிவுக்கும் தீங்கு நேராத அளவில் உறக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும், ஒரு நாளில் எட்டு மணி நேரத்தை, அதாவது நாளின் மூன்றில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்றும் அதில் எழுதினார்கள். ‘தீங்கு நேராத அளவில்’ என்ற நிபந்தனையை அவர்கள் முதலிலேயே வைத்தது கவனிக்கத்தக்கது. மனம் களைத்தால் திறந்த வெளிகளுக்குச் சென்று இளைப்பாறுவதில் குற்றமில்லை என்றும் அவர்கள் கூறினார்கள். மனனம் செய்வதற்கு விடியலுக்கு முந்திய ஸஹர் நேரமும், ஆய்வுக்குக் காலையும், எழுதுவதற்கு நண்பகலும், மீள்பார்வைக்கு இரவும் ஏற்றவை என்று வேளைகளையும் பிரித்துக் காட்டினார்கள்.

நேற்றைய பாடம் ஐந்து முறை

உறக்கத்திற்கு நேரம் வேண்டுமெனில் பாடம் ஒரே இரவில் குவியாதிருக்க வேண்டும். அந்த வழியை நம் மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் ஒரு சிறு நூல் காட்டுகிறது. மத்திய ஆசியாவைச் சேர்ந்த புர்ஹானுத்தீன் அஸ்ஸர்னூஜீ (ரஹ்) அவர்கள் இயற்றிய ‘தஅலீமுல் முதஅல்லிம்’ அது. ‘ஹிதாயா’ என்னும் புகழ்பெற்ற சட்டநூலின் ஆசிரியரும் 1197இல் மறைந்தவருமான மர்கீனானீ (ரஹ்) அவர்களின் மாணவர் இவர்.

தொடக்க நிலை மாணவருக்கு எவ்வளவு பாடம் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஸர்னூஜீ விடை சொல்கிறார். இரண்டு முறை திரும்பச் சொன்னால் மனத்தில் பதியும் அளவே முதற்பாடமாக இருக்க வேண்டும். பிறகு நாள்தோறும் ஒரு சொல் அளவுக்கு அதைக் கூட்டிச் செல்ல வேண்டும். கூட்டுவது தெரியாமலே கூடிவிடும். ஒருநாள் நீண்ட பாடமும் எளிதாகிவிடும். தொடக்கத்திலேயே நீண்ட பாடத்தைச் சுமத்தினால், அதுவே பழக்கமாகிவிடும், பெருமுயற்சியின்றி அப்பழக்கத்தை விட இயலாது என்று அவர் எச்சரிக்கிறார்.

மீள்பார்வைக்கு அவர் தரும் கணக்கு இன்னும் வியப்பூட்டுவது. நேற்றைய பாடத்தை ஐந்து முறை திரும்பச் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய நாளின் பாடத்தை நான்கு முறையும், அதற்கும் முந்தியதை மூன்று முறையும், பின்னர் இரண்டும் ஒன்றுமாகக் குறைத்துச் செல்ல வேண்டும். இம்முறையில் ஒவ்வொரு பாடமும் ஐந்து நாட்களில் பதினைந்து முறை மாணவரின் நாவில் வந்து போகிறது. ஒவ்வொரு நாளின் மீள்பார்வைக்கும் இடையே ஓர் இரவும் ஓர் உறக்கமும் அமைகின்றன. கற்றது எவ்வளவு விரைவாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் அளந்து நூலாக வெளியிட்டது 1885ஆம் ஆண்டில். இடைவெளிவிட்டுப் பயில்வது மனத்தில் நிலைக்கும் என்பதும், பகலில் கற்றதை உறக்கத்தின்போது மூளை உறுதிப்படுத்திக்கொள்கிறது என்பதும் இன்று நிறுவப்பட்ட உண்மைகள். ஸர்னூஜீ சோதனைக்கூடத்தில் அளந்து சொன்னவரல்லர். தலைமுறை தலைமுறையாக மாணவர்களைப் பார்த்துவந்த ஆசிரியர்களின் பட்டறிவே அவரது சொல்லாக வெளிப்பட்டது.

புரியாததை எழுதிவைக்கலாகாது என்றும், சக மாணவருடன் கலந்து விவாதிப்பது தனியே உருப்போடுவதைவிடப் பெரும்பயன் தரும் என்றும் அவர் வலியுறுத்துகிறார். கல்வியில் விடாமுயற்சி வேண்டும் என்று பல பக்கங்கள் எழுதிய அதே கையால், மாணவர் தம்மை வருத்திச் செயலற்றுப் போகுமளவுக்கு உழைக்கலாகாது, மென்மையைக் கைக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்ற நபிமொழியின் கருத்து, இங்கே ஒரு பாடத்திட்டமாகவே உருப்பெற்றிருக்கிறது.

தேர்வு எதற்காக?

தேர்வு என்பது புதிதாக வந்த சுமையன்று. ஹிஜ்ரி 319இல், அதாவது 931ஆம் ஆண்டில், பக்தாதில் ஒரு மருத்துவரின் தவற்றால் ஒருவர் உயிரிழந்த செய்தி கலீஃபா அல்முக்ததிரை எட்டியது. இனிமேல் தேர்வில் தேறாதவர் எவரும் மருத்துவம் பார்க்கலாகாது என்று அவர் ஆணையிட்டார். தேர்வை நடத்தும் பொறுப்பு ஸினான் இப்னு ஸாபித் என்னும் தலைமை மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரின் இரு கரைகளிலுமாக எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் அவர்முன் வந்தனர் என்று மருத்துவ வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. நோயாளியின் உயிரைக் காப்பதே அதன் நோக்கம். தேர்வு எழுதுபவரை இழிவுபடுத்துவது அன்று.

எகிப்தில் 1418இல் மறைந்த அல்கல்கஷந்தீ, தம் காலத்து மாணவர் தேர்வு முறையை விவரித்துள்ளார். மாணவர் தாம் மனனம் செய்த நூலை அறிஞரிடம் கொண்டுசெல்வார். அறிஞர் நூலை அங்குமிங்குமாகத் திறந்து, அவ்விடங்களிலிருந்து ஓதச் சொல்வார். தடையின்றி ஓதிவிட்டால் முழுநூலும் அவரிடம் உள்ளதென்று கொண்டு சான்றெழுதித் தருவார். எந்தப் பக்கம் திறக்கப்படும் என்பது எவருக்கும் தெரியாது. முந்திய இரவில் சில பக்கங்களை மட்டும் ஊகித்துப் படித்துச் செல்பவர் அங்கே நிற்க முடியாது. அந்நாளைய மாணவரின் அமைதி, பல மாதங்களாக நாள்தோறும் ஓதியதிலிருந்து வந்தது.

பக்தாதில் நூறு வினாக்கள்

அமைதிக்கு நம் வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டுமெனில், இமாம் புகாரி (ரஹ்) அவர்களை முதலில் நினைவுகூரலாம். ஹிஜ்ரி 194இல் பிறந்த அவர்கள் பக்தாதுக்கு வந்தபோது, அவர்களின் புலமையைச் சோதிக்க அங்கிருந்த ஹதீஸ் அறிஞர்கள் ஓர் ஏற்பாடு செய்தனர். நூறு நபிமொழிகளை எடுத்து, ஒன்றின் அறிவிப்பாளர் வரிசையை மற்றொன்றுடன் மாற்றிப் பொருத்தினர். பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொண்டு, நிறைந்த சபையில் ஒவ்வொன்றாகக் கேட்டனர். ஒவ்வொன்றுக்கும் அதனைத் தாம் அறியவில்லை என்றே இமாம் விடையளித்தார்கள். விவரமறிந்தோர் ஒருவரையொருவர் நோக்கி, இவர் புரிந்துகொண்டார் என்று குறிப்பால் உணர்த்தினர். மற்றவர்களோ இமாமிடம் சரக்கில்லை என்று எண்ணினர். நூறும் முடிந்தபின் இமாம் முதலாமவர் பக்கம் திரும்பினார்கள். அவர் முதலில் சொன்னதை அப்படியே சொல்லி, அதன் சரியான வரிசை இன்னதென்று எடுத்துரைத்தார்கள். பத்துப் பேருக்கும், நூறு நபிமொழிகளுக்கும், கேட்கப்பட்ட அதே ஒழுங்கில் விடை வந்தது.

அவர்களின் நினைவாற்றலை உலகம் போற்றுகிறது. அந்தச் சபையில் நூறு முறை ‘அறியேன்’ என்று சொல்லியும் கலங்காத நெஞ்சுறுதியையும் நம் பிள்ளைகள் கற்க வேண்டும். பார்ப்பவர் என்ன நினைப்பார் என்ற அச்சத்தால் அவர்கள் இடையில் அவசரப்படவில்லை.

அதே இமாமின் வாழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. ஆமூ நதியை அடுத்துள்ள ஃபிரப்ர் என்னும் ஊரில் தங்கி நூலாக்கத்தில் ஈடுபட்டிருந்தபோது, ஒருநாள் கடும் உழைப்புக்குப் பின் இமாம் மல்லாந்து படுத்திருந்தார்கள். அவர்களுடைய எழுத்தரான முஹம்மது இப்னு அபீஹாத்திம், பயனறியாமல் எதையும் செய்வதில்லை என்று கூறும் தாங்கள் இவ்வாறு படுத்திருப்பதில் என்ன பயன் என்று வினவினார். இன்று நம்மைக் களைப்படையச் செய்துவிட்டோம். இது எல்லைப்புற ஊர். திடீரென எதிரி வந்தால் எதிர்கொள்ள வலிமை வேண்டும், அதற்காகவே ஓய்வெடுக்கிறேன் என்ற கருத்தில் இமாம் விடை பகர்ந்தார்கள்.

இந்த விடையைத் தேர்வெழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்ல வேண்டும். எல்லையில் நிற்பவருக்கு ஓய்வும் ஓர் ஆயத்தமே. தேர்வுக்கு முந்திய இரவின் உறக்கம் படிப்பிலிருந்து திருடப்பட்ட நேரம் ஆகாது.

நெஞ்சு விரிவடைய

கலக்கம் நம்பிக்கைக் குறைவால் மட்டுமே வருவதென்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வோர் உண்டு. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 488இல் பக்தாதின் நிஸாமிய்யா கல்விக்கூடத்தில் பேராசிரியராக இருந்தபோது, கடும் உள்ளப்போராட்டத்தால் நாவெழாமல் போனார்கள். பாடம் நடத்த இயலவில்லை, உணவும் இறங்கவில்லை. மருத்துவர்கள் இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவியது, உள்ளத்தின் கவலை நீங்கினாலன்றி மருந்து பயன்படாது என்றனர். இதை மறைக்காமல் தம் நூலிலேயே அவர்கள் எழுதிவைத்தார்கள். அத்தகைய பேரறிஞருக்கே நேர்ந்ததென்றால், பதினேழு வயதுப் பிள்ளையின் நடுக்கத்தை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை.

அதற்கும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். திடீர் நோய்க்கென வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, உள்ளம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே ஆறுதல் தரும் எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர் கூறிய வழி. ஃபிர்அவ்னிடம் செல்லுமுன் மூஸா (அலை) அவர்கள் நெஞ்சை விரிவாக்கவும் காரியத்தை எளிதாக்கவும் நாவின் முடிச்சை அவிழ்க்கவும் இறைவனிடம் வேண்டிய துஆ, அத்தகைய சேமிப்பில் தலையாயது. அதைத் தேர்வறையின் வாசலில் முதன்முறையாகக் கற்பதைவிட, ஆண்டு முழுதும் ஓதிப் பழகுவது மேல்.

தோல்விக்கும் இங்கே ஒரு பாடம் இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் மெய்யியல் நூலை நாற்பது முறை படித்தும் விளங்காமல் மனமுடைந்ததை இப்னு ஸீனா தம் வரலாற்றில் கூறுகிறார். பின்னர் புத்தகக் கடைத்தெருவில் மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய ஃபாராபீயின் சிறு விளக்கநூல் ஒன்று அதனைத் திறந்துகாட்டியது. மறுநாளே ஏழைகளுக்குத் தர்மம் செய்து இறைவனுக்கு நன்றி செலுத்தினார். விளங்காமை ஒருவரின் அறிவுக்கு முற்றுப்புள்ளியாகாது. சில நேரங்களில் வேறொரு நூலோ வேறோர் ஆசிரியரோ தேவைப்படுகிறார், அவ்வளவே.

நம் இல்லங்களில்

இவ்வரலாறு நமக்குச் சொல்லும் செயல்முறை எளிது. ஆண்டின் தொடக்கத்திலேயே சிறு அளவில் பாடத்தைத் தொடங்கி, நேற்றையதையும் முந்தாநாளையதையும் நாள்தோறும் திரும்பச் சொல்லச் செய்வோம். இஷாவுக்குப் பின் கைப்பேசியும் தொலைக்காட்சியும் ஓயட்டும். இது பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் உரிய ஒழுங்கு. நாம் விழித்துப் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் பிள்ளை எவ்வாறு உறங்கும்? தேர்வுக்கு முந்திய இரவில் புதிய பாடம் எதையும் தொட வேண்டாம். முன்னரே உறங்கி, ஸஹர் வேளையில் எழுந்து, தொழுது, ஒருமுறை மீள்பார்வை செய்தால் போதும். தேர்வறையில் தெரியாத வினா வந்தால் கலங்காமல் அதைக் கடந்து, தெரிந்ததை எழுதிவிட்டுத் திரும்பி வரட்டும்.

மதிப்பெண் எதுவாயினும் வீட்டின் கதவு திறந்திருக்கும் என்பதை அவர்கள் தேர்வுக்குப் போகுமுன்பே அறிந்திருக்க வேண்டும். முயற்சி அவர்களுடையது, முடிவு இறைவனுடையது. அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் கயிற்றை அவிழ்க்கச் சொன்ன தூதரின் சமுதாயத்தினர் நாம். நம் பிள்ளைகளை நாமே கயிற்றால் கட்டி நிறுத்தலாகாது.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், நல்ல உறக்கத்தையும், அமைதியான நெஞ்சத்தையும் அருள்வானாக! ஆமீன்.